சந்தனம் பூசிய தோட்டாக்கள்

1

ஊரிலிருந்து தொலைபேசியில் "அங்கை எப்பிடிப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு நான் பல வருடங்களாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: "பிழையில்லை." குளிர் பிழையில்லை, வேலை பிழையில்லை, வீட்டு மோர்ட்கேஜ் கழிகிறது, அதுவும் பிழையில்லை. இந்த வருடம் அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. என் தங்கை றீற்றாவின் கணவன் சேகர் மீது பொறாமை.

நேரில் அவரை 'நீர்' என்றுதான் அழைப்பேன். இங்கே எழுதும்போது 'அவன்' என்று எழுதப் போகிறேன். அந்தச் சலுகையாவது எனக்கு வேண்டும்.

சேகர் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவன். பல் வைத்தியன். ஓக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜ் வைத்த வீடு. என்னைவிட நாலு வயதுதான் இளமை, தலைமுடி மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டு ஒன்றுகூடலில் அவன் பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் கையிலிருக்கும் போனை வைத்துவிட்டுக் கேட்பார்கள். நான் பேச ஆரம்பித்தால் வைத்த போனைத் திரும்ப எடுப்பார்கள். நாங்கள் கத்தோலிக்கர். அவன் சைவசமயக்காரனாக இருந்தும், கிறிஸ்து பிறந்த நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு என்னைவிட முன்னதாக வந்து எனக்கு இடம் பிடித்து வைப்பான். இவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள், இவற்றோடு மனிதன் சீவித்துவிடலாம்.

சீவிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. என் மகள் டிலானிக்குப் பதினேழு வயது. அவளுடைய சனிக்கிழமைகள் எல்லாவற்றையும் அவன் எடுத்துக்கொண்டான்.

2

அந்தக் கராஜில் ஒரு கார்தான் நிற்கிறது. மற்றக் காருக்கான இடத்தில் சேகர் தோட்டா செய்கிறான்.

பயந்துவிடாதீர்கள். இந்த நாட்டில் அது மீன்பிடிப்பதைப்போல ஒரு பொழுதுபோக்கு. லைசென்ஸ் உள்ளவர்கள் துவக்குச் சுடும் கிளப்புக்குப் போவார்கள். அவர்களில் பொறுமைசாலிகள் கடையில் தோட்டா வாங்காமல், வெடித்து முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, அளவுக்கு அமுக்கி, புது வெடிமருந்து நிரப்பி, புதுக் குண்டு பொருத்தித் திரும்பப் பாவிப்பார்கள். இதற்கென்று மேசையில் பூட்டும் கைப்பிடி வைத்த பிரஸ் ஒன்று இருக்கிறது, நமது இடியப்ப உரலின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு இருக்கிறது. எந்தத் துவக்குக்கு எந்த மருந்து எவ்வளவு என்று சொல்லும் தடித்த புத்தகம் இருக்கிறது. அதில் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை. கீழிலிருந்து தொடங்கி, சுட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் கொஞ்சங்கொஞ்சமாக ஏற வேண்டும். ஏனென்றால் துவக்கின் அறைக்குள் மருந்து எரியும்போது உண்டாகும் அமுக்கம் சாதாரணமானதல்ல. எல்லை தாண்டினால் இரும்பு பிளக்கும், பக்கத்தில் இருக்கும் முகமும் சேர்ந்து போகும்.

அமுக்கம். இந்தச் சொல்லில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நான் எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் இருபது வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன். நீராவிக் கொதிகலன்களையும் அமுக்கக் கலன்களையும் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது என் தொழில். பால் தொழிற்சாலையில், ஆஸ்பத்திரியில், லோண்டரியில் எல்லாம் நான் தட்டிப் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் அடுப்பை மூட்டலாம். ஓக்லாந்தில் எல்லாரும் அமுக்கம் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். என் மகள் மட்டும் ஒரு பல் வைத்தியனிடம் கேட்கிறாள்.

அவன் வைத்திருப்பது செமி ஓட்டோ துவக்கு. ஒவ்வொரு வெடிக்கும் கையால் பின்னிழுத்து மூடும் சாதாரணத் துவக்கில், அமுக்கம் கூடிவிட்டால் இழுக்கும்போதே கை இறுக்கத்தை உணர்ந்துவிடும். செமி ஓட்டோ அப்படியல்ல. தன் வெடியின் வாயுவிலேயே கொஞ்சத்தை எடுத்து, தானே திறந்து, கோதைத் துப்பி, அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். கைக்கு ஒன்றும் தெரியாது. வெளியே விழுந்த கோதைப் பொறுக்கிப் பார்த்தால்தான், அதன் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கிறதா, பளபளவென்று புது அடையாளம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று தெரியும்.

ஆகவே சனிக்கிழமை கிளப்பில் மாமாவுக்கும் மருமகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் செய்த தொகுதியில் டிலானி முதலில் ஒன்றை மட்டும் சுடுவாள். கோதைப் பொறுக்கி வந்து மாமாவின் கையில் கொடுப்பாள். அவன் சொத்தைப் பல் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, கோதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஓகே டாக்டர்" என்பான். டாக்டர் என்றால் இவள். இவள் டனீடினுக்குப் போய்ப் பல் வைத்தியம் படிக்கப் போகிறாளாம். இன்ஜினியரிங் என்ற சொல்லை நான் இந்த வீட்டில் எடுத்துப் பல மாதமாகிறது.

அவனுக்கும் றீற்றாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி நாங்கள் யாரும் கதைப்பதில்லை.

3

நான் பிறந்த ஊரில் அந்தோனியார் திருநாளுக்கு ஒரே ஒரு பெற்றோமாக்ஸ் விளக்கு. அதற்குக் காற்றடிக்கும் வேலை ஒவ்வொரு வருடமும் என் பெரியம்மாவின் மகன் மரியதாசுக்கே கிடைக்கும். அதிகம் அடித்தால் மென்டில் வலை உடைந்துவிடும், குறைவாக அடித்தால் விளக்கு மஞ்சளாக அழும். மரியதாஸ் குழாயில் காதை வைத்துக் கேட்டே அளவு சொல்லிவிடுவான். பவனி வரும் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் விளக்கைத் தூக்கிக்கொண்டு அவன் நடக்கும்போது நான் பின்னால் வெறுங்கையோடு நடப்பேன். அமுக்கம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தப் பொறாமையில்தான். என் தொழிலே ஒரு பொறாமையில் கிடைத்தது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு துவக்குகள் வந்தன. காலையில் தெரு ஒழுங்கையில் கோதுகள் சிதறிக் கிடக்கும். நாங்கள் பொறுக்கி வாயில் வைத்து ஊதி விசில் அடிப்போம். அம்மா பார்த்துவிட்டால் பறித்துக் கிணற்றில் போடுவா. அவற்றை யார் சுட்டார்கள், எங்கே போய்ப் பட்டது என்று கேட்கும் வயது எங்களுக்கு வருவதற்கு முன்னமே விடையும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. மரியதாஸ் ஒரு நாள் மண்ணெண்ணெய் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை.

இன்றைக்கும் நாங்கள் இருக்கும் ஹில்ஸ்பரோவில் யாராவது குப்பைத் தொட்டி மூடியைப் பலமாக அடித்தால் என் முழங்கால் தானாக மடியும். கை சுவரைத் தேடும். டிலானி சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், விளையாட்டு என்று நினைத்து. நானும் விளையாட்டாகவே விட்டுவிட்டேன்.

சேகரின் ஊரில் தனி மனிதன் துவக்கை வைத்திருப்பதே பெரும் குற்றம். அவன் அதை முதன்முதலில் தொட்டது இந்த நாட்டுக்கு வந்த பிறகு, ஒரு கிளப்பில், சொசேஜ் வாசனைக்கு நடுவே. அதனால் அவனுக்குத் துவக்கு என்றால் எண்ணெயும் பித்தளையும் சனிக்கிழமையும். அவன் தலைமுடியை அவனே வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்க முடிகிறதே, அதற்குத்தான் நான் அவன் மீது பொறாமைப்படுகிறேன். அவனிடமிருந்து என் மகளும் அதைப் பழகிவிட்டாள்.

4

ஒரு வருடமாக நான் அவனில் பிழை பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மருந்துப் போத்தல்களை வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்றேன். அது வெறும் போத்தலாம், உண்மையான மருந்து எதிர்ச் சுவரில் தனி அலுமாரியில் இருந்தது. பிறகு இராணுவத்தில் பாவித்த பழைய கோதுகள் தடிப்பானவை, உள்ளே இடம் குறைவு, அதே அளவு மருந்தைப் போட்டால் அமுக்கம் ஏறும் என்று ஒரு விரிவுரை செய்தேன். "ஆமா மச்சான், அத தனி டப்பாவுல பிரிச்சு வச்சிருக்கேன்" என்று மரியாதையாகச் சொன்னான். அந்த மரியாதைதான் தாங்க முடியாதது. கடைசியாக ஒரு கோதைத் திருடி அலுவலகத்துக்குக் கொண்டுபோய், நுணுக்குக்காட்டியில் வைத்து, வெடிப்பு என்று தீர்ப்புச் சொன்னேன். அது பிரஸ்ஸில் உரசிய கீறல். என் கீழ் வேலை பார்க்கும் பெட்டையே அதைச் சொல்லிவிட்டாள்.

"அண்ணா இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திட்டார், கேற்றைத் திறவுங்கோ" என்று றீற்றா பகிடி பண்ணத் தொடங்கினாள். எல்லாரும் சிரித்தார்கள், டிலானி எல்லாரையும் விடக் கூடச் சிரித்தாள்.

இதற்கிடையில் டிலானி தனக்கென்று லைசென்ஸுக்கு விண்ணப்பித்தாள். இங்கே விண்ணப்பித்தவரின் வீட்டுக்கு பொலிஸ் தரப்பிலிருந்து ஒருவர் வந்து குடும்பத்தாரிடம் விசாரிப்பார். வந்தவர் நல்ல மனிதர், காலணியை வாசலில் கழற்றிவிட்டு வந்து தேத்தண்ணீர் குடித்தார். மகளைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று என்னிடம் கேட்டார். நான் லைசென்ஸ் எத்தனை வருடத்துக்குச் செல்லும் என்று கேட்க நினைத்து, ஊர்ப் பழக்கத்தில், "ஐ ஹாவ் எ டவுட்" என்று ஆரம்பித்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். மகள் மீது உங்களுக்கு என்ன சந்தேகம் என்றார். அதன்பிறகு நான் கொடுத்த விளக்கம் எல்லாம் நிலைமையை மோசமாக்கியது. இன்னொரு முறை வந்து பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிலானி என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. அது என் ஆங்கிலத்தின் பிழை என்பதை அவள் நம்பவில்லை. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நம்பினாள். என் கடந்த ஒரு வருட நடத்தையைப் பார்த்தால் அவளைக் குறை சொல்ல முடியாது.

5

தேசியக் கொடியை மாற்றலாமா என்று நாடே பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்த அந்த ஒக்டோபரில், ஆயுத பூசை வார நாளில் வந்தது. இங்கே சாமிகளும் வாரக்கடைசி வரை பொறுத்திருப்பார்கள். சேகர் பூசையைச் சனிக்கிழமை மத்தியானத்துக்குத் தள்ளியிருந்தான். திங்கட்கிழமை இந்த நாட்டுத் தொழிலாளர் தினமான லேபர் டே, ஆகவே நீண்ட விடுமுறை, மறுநாள் ஞாயிறு கிளப்பில் ஒரு போட்டி, டிலானி முதன்முதலாகக் கலந்துகொள்வது. லைசென்ஸ் இல்லாவிட்டாலும் மாமா பக்கத்தில் நின்றால் சுடலாம். ஞாயிறு திருப்பலி என்னாகும் என்று கேட்டேன். கடவுள் லோங் வீக்கெண்டைப் புரிந்துகொள்வார் என்றாள்.

கராஜில் வாழையிலை விரித்திருந்தது. அதில் பல் பிடுங்கும் குறடு, றீற்றாவின் லப்டொப், கார்ச் சாவி, புல்வெட்டும் மெஷின், பிரஸ். துவக்கு வழக்கம்போல அலுமாரிக்குள் பூட்டியபடியே இருந்தது, அலுமாரிக் கதவில் மட்டும் ஒரு பொட்டு. பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு தட்டில் நாளைக்கான தோட்டாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் துளி குங்குமம். டிலானிதான் மோதிர விரலால் ஒவ்வொன்றாக வைத்திருந்தாள். எங்கள் வீட்டு நத்தார்க் குடிலில் ஒரு ஆட்டுக்குட்டியை நேராக வைக்க அவளுக்கு நேரமிருந்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சலில் ஒரு தோட்டாவை எடுத்துப் பார்த்தேன். விரலில் வழுக்கியது. முகர்ந்தேன், நல்லெண்ணெய்.

"எங்கப்பா லாரி ஓட்டுனாரு மச்சான்" என்றான் சேகர், என் முகத்தைப் பார்த்து. "ஆயுத பூசைன்னா ஸ்பானர், ஜாக்கி எல்லாத்தையும் எண்ணெ போட்டு தொடச்சி, பளபளன்னு வச்சிதான் பொட்டு வைப்பாரு. இந்த வருசம் டிலானி கேட்டா, தோட்டாவுக்கும் செய்யலாமான்னு. சரி லா, அதுவும் ஆயுதந்தானேன்னு சொன்னேன்."

என் கையில் இருந்த தோட்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொட்டு காய்ந்து கட்டியாகியிருந்தது.

"சேகர், இது சரியில்லை. எண்ணெய் பட்டால்..."

"அண்ணா" என்றாள் றீற்றா, கற்பூரத்தட்டோடு. "பூசை நாளிலையும் தொடங்கிட்டியளே."

எல்லாரும் சிரித்தார்கள். சேகர்கூடச் சிரித்தான், பாவம் என்பதுபோல. டிலானி சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் லைசென்ஸ் விசாரணை முழுவதும் இருந்தது. நான் தோட்டாவைத் தட்டில் வைத்துவிட்டேன். சுண்டல் கொடுத்தார்கள், வாங்கிச் சாப்பிட்டேன்.

6

டிலானியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும் வழியில் எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. மூன்று முறை பிழை விட்டவன். இதுவும் இன்னொரு கீறலாக இருந்தால்? வீட்டில் இறங்கியதும் முன்படியில் குந்தியிருந்து, ஒரு கொதிகலனைப் பார்ப்பதுபோல முதலிலிருந்து யோசித்தேன்.

மருந்து எரியும்போது பித்தளைக் கோது ஊதிப் பெருத்து அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடி, அமுக்கத்தில் ஒரு பங்கைச் சுவருக்குக் கொடுத்துவிடும். கோதில் எண்ணெய் இருந்தால் பிடி கிடையாது. முழு உதையும் பின்பக்கமாக, சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துவக்கின் பின்கதவின்மேல் விழும். அடுத்தது கழுத்து. குண்டை விடுவதற்குக் கோதின் கழுத்து மயிரளவு விரிய வேண்டும். அந்த மயிரளவு இடத்தில் காய்ந்த சந்தனம் நின்றால் கழுத்து விரியாது, குண்டு உடனே வெளியேறாது, உள்ளே அமுக்கம் ஏறும். புத்தகத்தில் சொன்ன அளவு மருந்தைத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு ஆயுத பூசை தெரியாது.

இரண்டாம் முறையும் யோசித்தேன். அதே விடை.

டிலானி குசினியில் காதுக் கவசத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேசுவது எல்லாம் ஆங்கிலம்தான், நான் தமிழில் எழுதுகிறேன். எண்ணெய், சந்தனம் என்று நான் ஆரம்பித்ததுமே பையை மூடினாள்.

"அப்பா, உங்களுக்கு மாமாவில் பொறாமை. அவ்வளவுதான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்."

இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். சொன்னால் இத்துடன் கதை முடிந்துவிடும், அவள் நாளைக்கு அந்தத் தட்டைக் கொண்டுபோய்விடுவாள் என்று தெரிந்தது.

"ஓம்" என்றேன். "எனக்குப் பொறாமை. ஒரு வருசமா அவரிலை இல்லாத பிழையெல்லாம் தேடினனான். நீ அவரோடை சிரிக்கிற மாதிரி என்னோடை சிரிக்கிறேல்லை எண்டு நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறன். அதெல்லாம் உண்மை. ஆனா பொறாமை இல்லாத மனுசன் தொட்டாலும் அந்தத் தோட்டா வழுக்கும், பிள்ளை."

நான் அலுமாரியைத் திறந்து ஜாம் போத்தல் ஒன்றை எடுத்து, மூடியை இறுக்கி, அவள் முன்னால் வைத்தேன். நல்லெண்ணெய்ப் போத்தலையும் வைத்தேன்.

"கையிலை எண்ணெயைப் பூசிப்போட்டு இதைத் திற பாப்பம்."

விருப்பமில்லாமல் செய்தாள். கை வழுக்கிச் சுற்றியது. திரும்பவும் முயன்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள், மூடி அசையவில்லை. பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து ஒரே திருப்பில் திறந்தாள்.

"கோது சுவரைப் பிடிக்க வேணும். பிடிக்காட்டி எல்லாம் பின்னுக்குத்தான் வரும். பின்னுக்கு ஆர் இருக்கிறது?"

மூடியைத் திரும்பப் பூட்டித் திறந்து பார்த்தாள். பிறகு கழுத்தில் இருக்கும் பொட்டு என்ன செய்யும் என்று கேட்டாள். சொன்னேன். செமி ஓட்டோவில் அது வித்தியாசமா என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அந்தக் கதவு முழுதாகப் பூட்டிக்கொள்ளாமல் வெடிக்கவும் கூடும் என்றேன். இன்னொரு கேள்வி கேட்டாள். பிறகு இன்னொன்று. ஒரு வருடமாக அவள் மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்த மாதிரியான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

கடைசியில் சேகருக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "அலாமாக்" என்றான் அவன் மெதுவாக, ஐயோ என்பதற்கு அவன் ஊரில் சொல்வதை. "டிலானி, போனை அப்பாகிட்ட குடு."

நான் வாங்கினேன்.

"மச்சான், நீங்க அப்பவே சொன்னீங்க. நான் சிரிச்சிட்டேன். ஒண்ணையும் சுட மாட்டேன். எல்லாத்தையும் பிரிச்சி எடுத்துடுறேன். நாளைக்கு கடையில வாங்குன புது தோட்டாதான். நீங்களும் வாங்க மச்சான். வந்து பாருங்க."

நான் ஒரு துவக்குச் சத்தத்தைத் தேடிப் போவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. "வாறன்" என்றேன்.

7

கிளப் ஓக்லாந்துக்கு வெளியே, செம்மறி மேயும் குன்றுகளுக்கு நடுவே. போய் இறங்கியதும் சேகர் அங்கிருந்த எல்லாருக்கும் என்னை அறிமுகம் செய்தான். இவர்தான் என் மச்சான், அமுக்கத்தில் நிபுணர், நான் செய்த முட்டாள்தனத்தைக் கண்டுபிடித்து இந்தப் பிள்ளையின் முகத்தைக் காப்பாற்றியவர் என்று, பூசை, எண்ணெய், சந்தனம் ஒன்றையும் ஒளிக்காமல், தன்னைத்தானே கேலி செய்து சொன்னான். வெள்ளைக்காரக் கிழவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், பிறகு அவனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தன் பிழையைச் சொல்வதிலும் அவன்தான் என்னைவிடக் கெட்டிக்காரன். அதையும் என்னிடமிருந்து தட்டிக்கொண்டு போய்விட்டான்.

டிலானியின் முறை வந்தது. தோட்டா புதிய வகை என்பதால், போட்டிக்கு முன்னால் ஒன்றைச் சுட்டுப் பார்க்க விட்டார்கள். சேகர் அவள் அருகில் ஒரு முழங்காலில் இருந்தான். நான் பின்னால், பார்வையாளர் கோட்டுக்கு இப்பால் நின்றேன். காதுக் கவசம் போட்டிருந்தும் வெடி என் நெஞ்சுக்குள் விழுந்தது. என் முழங்கால் மடிந்தது. கை சுவரைத் தேடியது, அங்கே சுவர் இல்லை, வேலிக்கட்டை ஒன்று அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது டிலானி திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

துவக்கைத் திறந்து வெறுமையாக்கி, பாதுகாப்பு என்று அறிவித்ததும் அவள் எழுந்து புல்லில் குனிந்து கோதைத் தேடி எடுத்தாள். சேகர் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலக் கையை நீட்டினான். அவள் அவனைக் கடந்து வந்தாள். கோட்டைத் தாண்டி, வேலிக்கட்டைவரை வந்து, என் உள்ளங்கையை விரித்து, அதில் கோதை வைத்தாள்.

"செக் பண்ணுங்கோ" என்றாள், தமிழில்.

கோதில் இன்னும் சூடு இருந்தது. திருடிய அந்த ஒன்றைத் தவிர, பதின்மூன்று வயதுக்குப் பிறகு நான் ஒரு கோதைக் கையில் இறுக்கிப் பிடித்தது அப்போதுதான். அடியைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், விளிம்பை நகத்தால் தடவினேன். ஒரு பிழையும் இல்லை என்றேன். அப்படி ஒரு வாக்கியத்தை அந்தக் குடும்பத்தில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

நிமிர்ந்தபோது சேகரைக் கண்டேன். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்று, பிறகு காற்சட்டைப் பைக்குள் வைத்தான். கண்ணாடி இன்னும் கண்ணில் இருந்தது. முகம் சிரித்தபடிதான் இருந்தது, ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஒரு வருடமாகச் சனிக்கிழமை தோறும் காலையில் சவரம் செய்யும்போது நான் கண்ணாடியில் பார்த்த அதே சிரிப்பு. எனக்கு வீட்டில் மகள் இருந்தாள். அவனுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் இருந்தது.

நான் கோட்டடிக்குப் போய்க் கோதை அவனிடம் நீட்டினேன்.

"நீரும் ஒருக்காப் பாரும்" என்றேன். "எனக்குக் கண் சரியாத் தெரியேல்லை."

அவன் வாங்கினான். வெளிச்சத்தில் பிடித்தான், திருப்பினான், திரும்பவும் திருப்பினான். டிலானி அவன் தோளோடு சாய்ந்து நின்று பார்த்தாள். நான் பார்த்ததைவிட மிக நீண்ட நேரம் பார்த்தான், அவளும் அவ்வளவு நேரமும் சாய்ந்தே நின்றாள். எனக்குத் திரும்பவும் பொறாமை வந்தது.